தண்ணி விட்டாச்சு

“தண்ணி விட்டாச்சுங்கம்மா. காலையிலயே விட்டாச்சு. நீங்க பேஜாராவாம இருங்க.”

எத்திராசு இவ்வளவுதான் சொன்னார். அதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் டவரே இல்லை.

கார்த்திகை மாதம், புயல் வாரம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முருங்கை மரம் காம்பவுண்டு மேல் சாய்ந்து கிடந்தது. கரண்ட் முந்தின நாளே போய்விட்டது. புயல் மறுநாள்தான் கரைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அது யார் பேச்சையும் கேட்காமல் முன்கூட்டியே கிளம்பி வந்துவிட்டது.

கோட்டக்குப்பத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த நீச்சல் குளத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் நானே போய் முன்னால் நின்று குளத்தை நிரப்புவதாக இருந்தேன். புயல் அவசரப்பட்டதால், உடனே நிரப்பச் சொல்லத்தான் அங்கே மோட்டார் பார்த்துக்கொள்ளும் எத்திராசுவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆச்சு என்றுவிட்டார்.

“அப்பாடா” என்று சொல்லி, அடுப்பிலிருந்து காபியை இறக்கினேன். என் வீட்டுக்காரர் லூர்து ஜன்னல் சந்தில் பழைய லுங்கி ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாவாம்?”

“தண்ணி விட்டுட்டாராம். நல்ல மனுசன். சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சிருக்காரு.”

லூர்து லுங்கியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உள்ளயா, வெளியயா?”

“இன்னாது?”

“தண்ணிய உள்ள விட்டாரா, வெளிய விட்டாரா?”

கையில் இருந்த காபியை அப்படியே மேடையில் வைத்தேன். அன்றைக்கு அதை யாரும் குடிக்கவில்லை.

ஒரே வார்த்தை

நம் தமிழை நான் எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அதன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செடிக்குத் தண்ணி விடு என்றால் ஊற்று என்று அர்த்தம். ஏரியில் தண்ணி விட்டுட்டாங்க என்றால் மதகைத் திறந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்று தெரியவில்லை.

இதில் பயமே எத்திராசு யார் என்பதுதான். அவர் பெருமுக்கல் பக்கத்து விவசாயி. தன் கழனியைப் பார்த்துக்கொண்டே ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, யார் கழனிக்கு எப்போது தண்ணீர் போவது என்று பார்ப்பதுதான் நீர்க்கட்டியின் வேலை. மழை வரப்போகிறது என்று தெரிந்தால் அவர் முதலில் செய்வது, மதகைத் திறந்து ஏரியில் கொஞ்சம் இடம் உண்டாக்குவது. இல்லாவிட்டால் கரை உடையும்.

ஆக, எத்திராசு வாயில் ‘தண்ணி விட்டாச்சு’ என்றால், காலி பண்ணியாச்சு என்று அர்த்தம். மழைக்கு முன்னால் தொட்டியைக் காலி பண்ணுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

நீச்சல் குளத்துக்கு அதுதான் சாவு.

“கார எடுங்க” என்றேன்.

“இந்த மழையிலயா?”

“நீங்கதான கேட்டீங்க, உள்ளயா வெளியயான்னு. வந்து பாத்துட்டு நீங்களே தெரிஞ்சிக்குங்க.”

கேள்வி கேட்டவர் அவர்தான் என்பதால் மறுக்க முடியவில்லை. அவித்து வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். உலகமே மூழ்கினாலும் லூர்து வெறும் கையோடு காரில் ஏற மாட்டார்.

தெருக்கோடியில் கடல்

அந்தக் குளம் ஹாஜிராவுடையது. கோட்டக்குப்பத்தில் அவருடைய அம்மா வீட்டுத் தென்னந்தோப்பில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக் கட்டினார். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. ஹாஜிராவும் அங்கே பல வருஷம் இருந்தவர். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கிய ஒரு நீச்சல் குளம் இருந்ததாம். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டார்.

முதல் முறை என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார்: “அக்கா, எங்க தெருக்கோடியில கடல் இருக்கு. பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கோம். எங்க பொம்பளைங்கள்ல ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. கணுக்கால் நனையறதோட சரி. எனக்கு வயசான காலத்துல வந்துச்சு. என் பொண்ணுங்களுக்கு இப்பவே வரணும்.”

அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. வயசான காலமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டேன்.

பெண்களுக்கு மட்டுமான குளம். உயரமான சுற்றுச்சுவர், மேலே வலைப்பந்தல், வாசலில் ஒரு பெண் காவல். சொந்தத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். பொம்பளைங்களுக்கு எதுக்கு நீச்சல் என்று நேருக்கு நேராகவே கேட்டார்கள். ஹாஜிரா ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசி, கெஞ்சி, கடைசியில் அவருடைய மாமியாரையே தன் பக்கம் இழுத்துவிட்டார். “இந்த ஒரு தடவதான்க்கா சம்மதிச்சிருக்காங்க. இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா, பாத்தியா, அன்னைக்கே சொன்னோமேம்பாங்க. இன்னொரு தடவ வாயே தொறக்க முடியாது” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஓமந்தூர் தாண்டும்போது எனக்கு அந்தப் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். இரண்டு மணி உருட்டுவதற்குள் எண்ணம் குளத்துக்குப் போய்விட்டது.

காலிக் குடம்

காலியான குளத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். கிணற்றில் ஒரு காலிக் குடத்தை நிமிர்த்தி வைத்து அமுக்கிப் பாருங்கள். கை வலிக்கும். விட்டால் மேலே வரும். அதில் தண்ணீர் மொண்டுவிட்டால் தானாக இறங்கும்.

பூமிக்குள் கட்டும் தொட்டியும் அப்படித்தான். வெளியே மண்ணில் தண்ணீர் ஏறினால், உள்ளே காலியாக இருக்கும் தொட்டியை அது கீழிருந்து தூக்கும். இவ்வளவு கம்பி, இவ்வளவு கான்கிரீட், இது எங்கே மிதக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கப்பல்கூடக் கனம்தான் என்று நான் பதில் சொல்வேன்.

கோட்டக்குப்பம் மணல் பூமி. அரை ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர். அந்தக் குளத்துக்குக் குழி எடுத்ததே ஒரு பெரிய பாடு. இன்று வெட்டிய கரை நாளைக்குச் சரிந்து கிடக்கும். குழியைச் சுற்றி ஓட்டை போட்ட பைப்புகளை இறக்கி, ஆயில் இன்ஜின் வைத்து இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளினோம். மண் கொஞ்சம் காய்ந்த பிறகுதான் தளக் கம்பி கட்டவே முடிந்தது. தளம் ஒரே நாளில், இடையில் நிறுத்தாமல் போட்டோம். தளமும் சுவரும் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை பதித்தோம். அந்த இடத்தில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டால் பிறகு கடவுளே வந்து பூசினாலும் நிற்காது.

கான்கிரீட் முடிந்ததும் நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. டைல்ஸ் ஒட்டுவதற்காகத் திரும்பக் காலி செய்தோம். வேலை நடக்கிற வரைக்கும் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சுற்று மண்ணில் தண்ணீர் ஏறக் கூடாது. தரையில் இதற்கென்றே ஒரு வால்வு வைத்திருந்தோம். கீழே தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது திறந்து தண்ணீரை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆனால் டைல்ஸ் சிமெண்டு போய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, வேலை முடியும்வரை அதை இறுக்கி மூடி வைத்திருந்தோம்.

புயலுக்கு முந்தின நாள்தான் கடைசி டைல்ஸ் ஒட்டி முடிந்தது. மூடியை எடுப்பது, குளத்தை நிரப்புவது, இரண்டையும் ஒரு நாள் விட்டுச் செய்வதாக வைத்திருந்தேன். மறுநாள் என்று எதையும் வைக்கக் கூடாது என்பது கடற்கரையில் கட்டுகிறவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் டைல்ஸ் பூச்சு ஒரு நாளாவது காய வேண்டாமா?

மிதந்த தொட்டி

“அந்த ஃபாக்டரி கதைய யோசிச்சுக்கினு இருக்கியா?” என்றார் லூர்து. கிளியனூர் அருகே மரம் விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வைப்பர் ஓடியும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“வேற இன்னாத்த யோசிக்கிறது?”

“அத எத்தினி பேர்கிட்ட சொல்லியிருப்ப? நம்ம பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்டகூட சொன்ன. பாவம், சாப்ட்டுக்கினு இருந்தாங்க.”

இந்தத் தொடரில் கடந்த வாரங்களில் நான் சைலோ கட்டிய கதையை நீட்டி முழக்கினேன். சிமெண்டு கொட்டி வைக்கும் அந்த உயரமான உருளையைக் கட்டும்போது அச்சு மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், கான்கிரீட் ஒரு நிமிஷமும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், ஒரே பெண்ணாக நான் அதன் உச்சியில் நின்றிருந்தேன், எல்லாம் சொன்னேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், “அம்மா, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாருங்கள்” என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் லூர்துவுக்கும் ஒரே ஜாதகமாக இருக்க வேண்டும்.

பரவாயில்லை, அந்த ஃபாக்டரி கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சைலோவுக்குப் பிறகு நான் வேலை பார்த்தது நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய தொழிற்சாலையில். கழிவுத் தண்ணீரைத் தெளியவைக்கும் வட்டத் தொட்டி ஒன்று பூமிக்குள் கட்டினோம். ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே இறக்கலாம், அவ்வளவு பெரியது. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று, நிரப்பி வைத்திருந்த தண்ணீரை எல்லாம் இறைத்து, உள்ளே துடைத்துப் பளபளவென்று வைத்தார்கள். ராத்திரி நல்ல மழை. நாங்கள் தூங்கிவிட்டோம்.

காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதோடு சேர்த்திருந்த பைப்புகள் எல்லாம் பிய்ந்து தொங்கின. சத்தமே வரவில்லை என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். அடியில் மண் கரைந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதால் அதைத் திரும்பக் கீழே இறக்கவும் முடியவில்லை. உடைத்துத்தான் எடுத்தோம். யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

வேலையாட்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. மேலே கட்டுகிறவர்களுக்குக் காற்று எதிரி, கீழே கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் எதிரி என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் டீ குடிக்கிற நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. மேஸ்திரிகள் என்னைக் கண்டால், “தொட்டி மெதக்கப் போவுது, ஓடிப்போங்கடா” என்பார்கள்.

ஹாஜிராவுக்கும் சொல்லியிருந்தேன். டைல்ஸ் பார்க்கப் புதுச்சேரிக்குப் போன வழியில், காரில். அவர் போனில் டைல்ஸ் படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினார். கேட்டாரா இல்லையா என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம்.

டியூப் இல்லாத தெரு

திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் திரும்பிக் கோட்டக்குப்பம் போய்ச் சேரும்போது சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தோம். லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படித் தெருவில் பிடித்ததில்லை.

தூரத்திலேயே ஆயில் இன்ஜின் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. ஓடுகிறது என்றால் மண்ணில் தண்ணீர் ரொம்ப ஏறியிருக்காது.

இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் அந்த உயிர் போய்விட்டது. இறைத்த தண்ணீரை வெளியே விடும் பச்சை டியூப், சுற்றுச்சுவருக்கு அடியில் வந்து தெருச் சாக்கடையில் கிடக்கும். அன்றைக்கு அதைக் காணோம். இன்ஜின் ஓடுகிறது, டியூப் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? இன்ஜின் சும்மா காற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா?

கதவைத் தள்ளினேன். எத்திராசு உர மூட்டைச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“எத்திராசண்ணா! தண்ணி உள்ளயா, வெளியயா?”

“ரெண்டுந்தாங்கம்மா” என்றார் அவர் நிதானமாக.

அவரை அங்கேயே பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அதற்குள் குளம் கண்ணில் பட்டுவிட்டது.

நிறைந்திருந்தது. விளிம்பு வரைக்கும், மஞ்சளும் பழுப்புமாக, சேற்றுத் தண்ணீர். தென்னை ஓலை ஒன்று அதில் சுற்றிக்கொண்டிருந்தது. காணாமல் போன பச்சை டியூப் குளத்துக்குள் தலையை விட்டுத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது.

குளத்தின் படிக்கட்டு ஓரம் ஹாஜிரா குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். குடை எதற்கு என்று தெரியவில்லை, முழுக்க நனைந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“அக்கா, அந்த ஃபாக்டரி கதையில, தொட்டி காலியா இருந்துச்சா, ரொம்பியிருந்துச்சா?”

“காலி” என்றேன்.

“நெஜமா?”

“காலிம்மா. காலியா இருந்ததாலதான் மெதந்துச்சு.”

“யா அல்லா” என்று என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் ஆயில் இன்ஜின்கூடக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான்

காலையில் மழை வலுத்ததும் எத்திராசு நான் பயந்தபடியேதான் செய்திருக்கிறார். குளத்தில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மண்ணில் இருந்த பைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் குளத்தோடு சேர்த்து, அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு இறைத்துத் தள்ளிவிட்டார். துடைத்து வைத்த மாதிரி காலி. மழைக்கு முன்னால் மதகு திறந்த திருப்தியோடு என் போனுக்கும் பதில் சொல்லிவிட்டு, பீடி பற்றவைக்கும்போதுதான் ஹாஜிரா குடையோடு வந்திருக்கிறார்.

“இந்தம்மா வந்தவுடனே, அண்ணே இன்னா பண்றீங்க, அக்கா சொன்னாங்களே தொட்டி மெதக்கும்னு, அப்டின்னு கத்துச்சு” என்றார் எத்திராசு. “கல்லு கட்டடம் எங்கனா மெதக்குமாம்மான்னேன். ஃபாக்டரியில மெதந்துச்சாம்னு சொல்லுது. எந்த ஃபாக்டரின்னா தெரியலங்குது. சரி, காலியா இருக்கணுமா ரொம்பணுமான்னேன். அதுதான் ஞாபகம் வரலன்னு நிக்குது.”

ஹாஜிரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். அவர் போனில் சார்ஜ் இல்லை, எத்திராசு போனில் அதற்குள் டவர் போய்விட்டது. என்னைக் கேட்க வழியில்லை. கதையில் ஒரு தொட்டி இருந்தது, மழை பெய்தது, காலையில் தொட்டி மேலே வந்தது, அது வரைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் எப்படி இருந்தபோது மேலே வந்தது? ரொம்பி வழிந்ததாலா?

“டைல்ஸ் படம் பாத்துக்கினே கேட்டேன்க்கா. மன்னிச்சிருங்க.”

“அப்புறம் எப்படி முடிவு பண்ணீங்க?”

“நீங்க அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. யாரோ பெரிய ஆபீசர் வர்றார்னு தொட்டியத் தொடச்சுப் பளபளன்னு வெச்சாங்கன்னு. ஆபீசர் வந்து பாக்கிறப்ப அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நடிச்சுக் காட்டினீங்க. அது ஞாபகம் வந்துச்சு. தொடச்சு வெச்சாங்கன்னா தண்ணி இருந்திருக்காதுல்ல? அதான்க்கா, உள்ள விடுங்கன்னு சொல்லிட்டேன்.”

விஷயத்துக்கு வரச் சொன்ன வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். விஷயம் ஹாஜிராவுக்கு மறந்துவிட்டது. நான் வளைத்துச் சொன்ன ஆபீசர் மூஞ்சிதான் நினைவிருந்தது. நான் லூர்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மல்லாட்டை உரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

அப்புறம் நடந்தது எளிது. இன்ஜினைப் பழையபடி மண்ணில் இருக்கும் பைப்போடு சேர்த்திருக்கிறார்கள். தெருவில் கிடந்த டியூப்பை இழுத்துக் குளத்துக்குள் போட்டிருக்கிறார்கள். வெளியே தூக்கப் பார்த்த தண்ணீரே உள்ளே வந்து குளத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கலங்கல் தண்ணீர் புது டைல்ஸ் மேல் ஏறுவதைப் பகல் முழுக்க ஹாஜிரா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வாரக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த நீல டைல்ஸ். சரியாகச் செய்கிறோமா, நாமே கெடுக்கிறோமா என்று தெரியாமல்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. உள்ளே தண்ணீர் போவதற்கு முன்னாலேயே குளம் கொஞ்சம் எழும்பியிருந்தால்?

அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எழும்பிய தொட்டி ஒரு பக்கம் சாயாமல் இருக்காது, நிறைந்த தண்ணீரே மட்டம் காட்டும். இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். விளிம்புக்குக் கீழே டைல்ஸின் முதல் வரிசை சுற்றிலும் ஓடுகிறது. தொட்டி சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு மூலையில் அந்த வரிசையை மூழ்கடித்திருக்கும், எதிர் மூலையில் விட்டு இறங்கியிருக்கும். சேற்றில் முட்டி போட்டு மூலை மூலையாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் மூலையில் தண்ணீர் டைல்ஸின் பாதியில் நின்றது. இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் பாதி. நான்காவது மூலைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. லூர்து போய்க் குனிந்து பார்த்தார்.

“பாதிதான், ஸ்டெல்லா” என்றார்.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. ஹாஜிரா அழுகிறார், நான் சிரிக்கிறேன், எத்திராசு திரும்ப இன்ஜினைக் கிளப்பலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு லேசாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. லூர்து நான்கு பேருக்கும் மல்லாட்டையைப் பங்கு போட்டார். மழைத் தண்ணீர் ஊறி உப்பே இல்லை. எல்லோரும் தின்று தீர்த்தோம்.

கை எடுத்ததும்

புயல் போன பிறகு குளத்துத் தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்தோம். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேறு படிந்த இடத்தைத் தேய்த்ததும் நீலம் பழையபடி வந்துவிட்டது. தரை வால்வின் மூடியை எடுக்க, முங்கத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. ஹாஜிராவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துக்கொண்டு வந்தார். தன் குளத்துக்குள் முதலில் இறங்கியது அவர்தான்.

திறந்த அன்று பெண்கள் கூட்டம் தாங்கவில்லை. முகம் சுளித்த சொந்தக்காரர்கள்கூடத் தங்கள் பெண்களை அனுப்பியிருந்தார்கள். ஹாஜிராவின் மாமியார் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து, எந்த ஆணையும் அந்தத் தெருப்பக்கம் நிற்க விடவில்லை. லூர்துவுக்கும் எத்திராசுவுக்கும் மெயின் ரோட்டு டீக்கடைதான் கதி.

நான் ஓரமாக நின்று, விளிம்பில் எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாஜிரா வந்து கையைப் பிடித்தார்.

“எறங்குங்கக்கா.”

“எனக்கு நீந்தத் தெரியாதும்மா.”

இத்தனை வருஷம் இவ்வளவு தொட்டி கட்டியவள், எதிலும் இறங்கியதில்லை. ஹாஜிராவுக்கு அதை நம்ப முடியவில்லை. மாற்று உடுப்பு ஒன்றைக் கொடுத்து, விடாமல் இழுத்துக்கொண்டு போய்ப் படியில் இறக்கிவிட்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. மல்லாக்கப் படுக்கச் சொன்னார். என் முதுகுக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்தார். நான் அவர் தோளை விடவே இல்லை.

“பயப்படாதீங்க. உடம்ப விட்டுடுங்கக்கா.”

“உள்ளயா, வெளியயா?” என்றேன்.

ஹாஜிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அவர் கை என் முதுகிலிருந்து விலகிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்து, எல்லார் சத்தமும் அடங்கி, மேலே வலைப்பந்தலும் அதற்கு மேல் ஒரு தென்னை மட்டையும் மட்டும் தெரிந்தன. எப்போது அவர் தோளை விட்டேன் என்பதும் தெரியவில்லை.

அந்தக் குளம் மிதக்காமல் உட்கார்ந்திருந்தது. மிதந்தது நான்தான்.